நெற்றியில் மாஸ்க் தழும்போடு திருமலையில் ஒரு நாள்

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, ரயில் ஏறும்போது எங்களிடம் இருந்த திட்டம் இவ்வளவுதான்: காலையில் கடலுக்குள் முகம் விட்டுப் பவளமும் மீனும் பார்க்கப் புறாத்தீவு, பின்னேரம் கோட்டையும் கோயிலும், இரவு திரும்பவும் ரயில். எங்களிடம் என்றால் நானும் அக்காவின் மகளும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிறு பதினொரு மணிக்குக் கணித டியூஷன், அதற்கு அவள் போய்ச் சேராவிட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் தங்கு என்றார்கள். போதும். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதில் பிசகினால் போதாது.

கடல்தான் முதலில். கிழக்குக் கரையில் கடல் பிள்ளை மாதிரி இருப்பது மே முதல் செப்டெம்பர் வரைக்கும்தான். வாடை தொடங்கிவிட்டால் அலை எழும்பி, தண்ணீரும் கலங்கி, தீவுக்குப் படகு போவதே சந்தேகம். நல்ல பருவத்திலும் காலை வேளைதான் தோது, மத்தியானம் ஆக ஆகக் காற்று ஏறித் தண்ணீருக்குள் மண் கிளம்பும், பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால் மோர் குடிப்பது போல இருக்கும். கோட்டையோ நானூறு வருஷமாக அந்த இடத்தில்தான் நிற்கிறது, பின்னேரம் வரைக்கும் நிற்காமலா போகும்? அதோடு கோட்டைக்குள் இருக்கிற மான்களும் வெயில் தாழ்ந்த பிறகுதான் மர நிழலை விட்டு வெளியே வரும்.

ரயிலில் மருமகள் தூங்கவில்லை. கல்லோயாவில் மட்டக்களப்புப் பாதையும் திருமலைப் பாதையும் பிரிகின்றன. அந்தக் காட்டுப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும், ரயிலில் அடிபட்டும் சாகும், அதனால் ரயில் பல இடங்களில் ஊர்ந்துதான் போகும் என்று நான்தான் தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு விடியும் வரைக்கும் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யானை ஒன்றும் வரவில்லை. கன்னத்தில் கம்பித் தடம் மட்டும் வந்தது. அன்றைக்கு முகத்தில் தடம் பதிகிற நாள் போல, பின்னால் இன்னும் இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வெளியே பிளேன்டீயும் ஆளுக்கு இரண்டு ரோல்ஸும். பிறகு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் நிலாவெளி, வழியில் உப்புவெளி. கடற்கரையிலேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் அறை இருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. படகுக்கு ஆள் கணக்கில் இல்லை, முழுப் படகுக்கும் சேர்த்துத்தான் காசு, அதனால் வரிசையில் நிற்கும்போதே கூட்டுச் சேர்ந்துகொள்வது புத்தி. நாங்கள் குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டோம். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை, படகுக்காரருக்கு இரண்டும் முழுசாகத் தெரியும். ஆகவே அன்றைக்கு அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர், எல்லாம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே.

கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர் தூரந்தான். பத்து நிமிஷத்தில் போய்விடலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் நானா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மீசைய எடுக்க ஏலாதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்நோர்க்லிங் என்றால் வாயில் ஒரு குழாயை வைத்து மூச்செடுத்தபடி மிதந்து கீழே பார்ப்பது. அதற்கான மாஸ்க் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி. அதன் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. மேலுதட்டில் மயிர் இருந்தால் அங்கே நூல் நூலாக இடைவெளி விழும், அது வழியாகத் தண்ணீர் மெதுவாக ஏறி மூக்கு வரைக்கும் வந்து நிற்கும். மீசை எடுக்காதவர்களுக்கு ஒரு வழி, மேலுதட்டில் வாஸலீனை அப்பிக்கொள்வது. நானாவின் டப்பாவில் அதுவும் இருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் ஒரு முறை அலசினால் ஆவி படியாது என்றும் காட்டித் தந்தார். மருமகள் மிகுந்த ஆசையோடு துப்பினாள். வீட்டில் இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுக்கிறார்கள்.

தீவின் கரையில் மணல் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினால் தொலைந்தீர்கள். அலை உடைத்துக் கொண்டுவந்து போட்ட முருகைக்கல், அதாவது செத்த பவளத் துண்டுகள், விரல் விரலாக, எலும்பு போல வெளுத்துக் குவிந்து கிடக்கின்றன. நடந்தால் பீங்கான் உடைவது போலச் சத்தம். தீவு ஒன்றும் பெரிதில்லை, இருநூறு மீட்டர் நீளம், அதில் பாதி அகலம், நடுவில் நாற்பது மீட்டருக்கு மேல் எழும்பிய கருங்கல் மேடு. பக்கத்தில் சிறிய தீவு ஒன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் பவளப்பாறைக்குப் பேர்போனது, மறுபக்கம் சுறாவுக்கு. நானா முதலில் பாறைப் பக்கம் கூட்டிப்போனார்.

"முதல்ல நின்ட இடத்திலயே முகத்த தண்ணிக்க வச்சு மூச்செடுத்துப் பழகுங்க. அவசரப்பட்டா கடலக் குடிப்பீங்க."

எனக்கு நீச்சல் தெரியும். கிணற்றிலும் கேணியிலும் பழகிய நீச்சல். அதனால் இதைக் கேட்கவேண்டிய ஆள் நானில்லை என்று நினைத்துக் கடலைக் குடித்தேன். மூக்கை மூடிவிட்டு வாயால் மட்டும் மூச்சு விடு என்றால் உடம்பு நம்புவதில்லை. தண்ணீருக்குள் முகம் போனதும் மூச்சை அடக்கு என்றுதான் சின்ன வயதிலிருந்து அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ, குழாய்க்குள்ளால் சொந்த மூச்சின் சத்தம் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியபோது, கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலே இருந்து பார்த்தால் வெறும் பச்சைத் தண்ணீர். முகத்தை நாலு விரல் இறக்கினால் கீழே ஒரு ஊர், அதுவும் சந்தை நாளில். மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளம் ஏக்கர்க்கணக்கில் கிடக்கிறது, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு வெளிர்நீலம், அதற்குள் புகுந்து புறப்படுகிற விரல் நீள மீன்கள் நூற்றுக்கணக்கில், நான் கையை அசைத்தால் எல்லாம் ஒரே நொடியில் கிளைக்குள் மறைகின்றன, கையை நிறுத்தினால் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வருகின்றன. இன்னொன்று, அங்கே அமைதி இல்லை. கடலடி என்றால் நிசப்தம் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிறது போல ஓயாத ஒரு படபடப்பு. அது இறால் வகை ஒன்று கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். அதற்கு நடுவே மொறுக், மொறுக் என்று ஒரு கடிக்கிற சத்தம் கேட்டால் அது கிளிமீன். கிளி மூக்குப் போன்ற அதன் வாயால் கல்லைச் சுரண்டி, அதில் படர்ந்த பாசியைத் தின்றுவிட்டு, கல்லை மாவாக அரைத்துப் பின்னால் விடும். எனக்கு முன்னாலேயே ஒன்று அப்படி ஒரு வெள்ளைப் புகையை விட்டுவிட்டுப் போனது. வெப்பமண்டலக் கடற்கரைகளில் நாம் காலை நீட்டி உட்கார்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த வழியாக வந்ததுதான். மருமகளுக்குத் தண்ணீருக்கு மேலே வந்து இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு முழுக்க மணலில் உட்கார மறுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. மாஸ்கில் தண்ணீர் ஏறி மூக்கு வரைக்கும் வந்துவிட்டது, எல்லாம் மீசையால் வந்த வினை. பதறிப்போய் நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன். கால் எதிலோ பட்டது, அதன் மேல் ஊன்றினேன். காலுக்குக் கீழே ஒன்று மளுக்கென்று முறிந்தது. முறிந்ததைக் காதால் கேட்கவில்லை, குதிக்காலால் கேட்டேன்.

"கால ஊண்டாதீங்க! கால எடுங்க! கல்லு எண்டு நெனச்சீங்களா, உசிருள்ளது!"

நானா கத்தியது கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் நீந்தி வந்து என் கைக்குக் கீழே பிடித்து ஆழமான பக்கம் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பவளம் உயிருள்ளது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். குண்டூசித் தலையளவு உயிரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தங்களுக்குள்ளே குடியிருக்கிற பாசி வெயிலில் சமைத்துத் தருவதைச் சாப்பிட்டுக்கொண்டு, சுண்ணாம்பை உமிழ்ந்து உமிழ்ந்து கட்டுகிற வீடு. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், நிறம் போய் வெளுத்துவிடும், அப்படியே நீடித்தால் பட்டினியால் சாகும். எல்லாம் தெரியும். இருந்தும் கால் கல் என்றுதான் நினைத்தது.

கொஞ்சம் தள்ளி, மூளையைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய உருண்டை. மருமகளின் இடுப்பு உயரம் இருக்கும். இந்த வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய காரியம். அப்படியானால் இது தொடங்கியபோது இலங்கையில் வெள்ளைக்காரன் ஆட்சி. அந்த ஆட்சிக் காலத்தில் இந்தத் தீவுக்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள் தெரியுமா? சுட்டுப் பழகுகிற இடம். ஊருக்கு எட்டத்தில் ஆளில்லாமல் ஒரு பாறை நின்றால் இராணுவத்துக்கு வேறு என்ன தோன்றும். புறாக்கள் என்ன செய்தனவோ. பிறகு 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அடுத்த வருஷம் டிசம்பரில் சுனாமி. இத்தனைக்கும் பிறகு தப்பி நிற்கிற அந்த உருண்டைக்குப் பக்கத்தில் என்னைப் போல எத்தனை பேர் கால் ஊன்றியிருப்பார்கள் என்று ஒரு நாளைக்கு வருகிற படகுகளை எண்ணினால் தெரியும். நாங்கள் கிளம்பும்போது கரையில் பதினேழு நின்றன.

புறாக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீவின் பெயருக்குக் காரணமான அந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் இன்னும் இருக்கின்றன. நம் ஊர்க் கோயில் கோபுரங்களிலும் ரயில்வே ஸ்டேஷன் கூரைகளிலும் எச்சமிடுகிற அதே இனந்தான். ஆனால் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுவதுதான் அந்த இனத்தின் பரம்பரைப் பழக்கம், கட்டடங்களை அது உயரமான பாறை என்றுதான் நினைக்கிறது. பட்டணத்தில் தொந்தரவாகத் தெரிகிற பறவையை அதன் பூர்வீக வீட்டில் வைத்துப் பார்த்தபோது, யாரோ ஒரு அலுவலகத்துச் சிடுமூஞ்சியை அவருடைய ஊரில், சாரத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கக் கண்டது போல இருந்தது.

மறுபக்கம் சுறா. மருமகளுக்கு இதற்குத்தான் வந்ததே. முழங்கால் ஆழத்தில் அசையாமல் நிற்கச் சொன்னார் நானா. நின்றோம். குருநாகல் அம்மா வரமாட்டேன் என்று கரையில் குந்திக்கொண்டா. ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, என் முழங்கை நீளம், மணல் நிறம், முதுகுச் செட்டையின் நுனி மட்டும் மையில் தோய்த்து எடுத்தது போலக் கறுப்பு. இவை குட்டிகள். வளர்ந்தவை ஒன்றரை மீட்டர் அளவுக்கு வரும். பெரியவற்றிடமிருந்து தப்பத்தான் குட்டிகள் ஆழமில்லாத இடத்தில் சுற்றுகின்றன. நாம் பயப்படுகிறதைவிட அவை பயப்படுகின்றன. மருமகள் இருமினாள், அவ்வளவுதான், மூன்றும் மறைந்த திசைகூடத் தெரியவில்லை. "மாமா, நான் சுறாவைக் கலைச்சுப்போட்டன்" என்று கொழும்பு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருப்பாள்.

ஆமை எனக்குத்தான் கிடைத்தது. திரும்பும் நேரத்தில், ஆழமான பக்கம், ஒரு அழுங்காமை. பருந்து மூக்குப் போன்ற அலகை ஒரு பொந்துக்குள் விட்டுக் கடற்பஞ்சை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. சீப்பு, கொண்டை ஊசி, நகைப்பெட்டி என்று ஒரு காலத்தில் துரைசானிமார் வாங்கிக் குவித்தது இந்த ஆமையின் ஓட்டைத்தான். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் சாப்பாட்டில் இறங்கிவிட்டது. நானும் இந்தத் தரம் காலை நன்றாக மடக்கிக்கொண்டு, பிணம் மிதக்கிறது போல மிதந்தேன்.

பன்னிரண்டு மணிக்குள் கரைக்கு வந்துவிட்டோம். குளித்து, ஒரு கடையில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு, கிளிமீன் இல்லையே என்று மருமகள் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, ஓட்டோவில் பட்டணம். உப்புவெளியில் ரோட்டோரமாக இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன, புல் வெட்டி மிகச் சுத்தமாக. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் திருமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அன்றைக்கே மட்டக்களப்புக்கு எட்டக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. கல்லறைக்குள் நாங்கள் இறங்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

ஆனால் பட்டணத்துக்குள், மைதானத்துப் பக்கம் இருக்கிற பழைய மயானத்துக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். சார்ல்ஸ் ஆஸ்டின் என்ற கடற்படைத் தளபதி இங்கே கிடக்கிறார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. 1852இல் பர்மாவில் யுத்தத்துக்குப் போன இடத்தில் வாந்திபேதி வந்து செத்துப்போனார், உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அக்காவின் கதைகளில் கடற்படை அதிகாரிகள் நல்ல மாப்பிள்ளைகளாக வந்து போவார்கள், எல்லாம் சுபமாக முடியும். தம்பிக்கு முடிந்தது இங்கே. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது ஒரு புள்ளிமான் கல்லறைகளுக்கு நடுவே நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. மருமகளுக்கு ஜேன் ஆஸ்டின் யாரென்று தெரியாது, மான்தான் பெரிதாகப் பட்டது, எனக்கும் அப்படித்தான் என்று ஒத்துக்கொள்கிறேன்.

திருமலை மான்கள் காட்டு மான்கள்தான், ஆனால் காட்டில் இல்லை. கோட்டைக்குள், மைதானத்தில், பஸ் நிலையத்தில், கடற்கரையில், கடை வாசலில், எங்கும் நிற்கும். கொம்பு முளைத்த கிடாய் ஒன்று வாழைப்பழக் கடைக்கு முன்னால் வாடிக்கையாளர் போலப் பொறுமையாக நிற்பதைப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கோட்டையின் பெயர் பிரெடெரிக் கோட்டை. அது கடைசியாக வந்த ஆங்கிலேயர் 1803இல் தங்கள் இளவரசருக்காக வைத்த பெயர். கட்டத் தொடங்கியது போர்த்துக்கேயர். 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு கை மாறி மாறி, 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர் வந்து அவர்களைத் துரத்த, திரும்ப ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயர் நிலையாக வந்து உட்கார்ந்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் 1948இல் கிடைத்தும் இந்தத் துறைமுகத்தை அவர்கள் விட்டுப் போனது 1957இல்தான். இவ்வளவு சண்டையும் பின்னால் இருக்கிற குடாவுக்காக. எந்தப் பருவத்திலும் எவ்வளவு பெரிய கப்பலும் பயமில்லாமல் நிற்கக்கூடிய ஆழமான துறைமுகம். இப்போதும் கோட்டைக்குள் இராணுவந்தான். வாசலில் பையைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

வாசலைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். எல்லோரும் மானைப் பார்த்த அவசரத்தில் ஓடிவிடுகிறார்கள். வாசல் நிலைக்கல்லைப் பாருங்கள். இரண்டு கயல் மீன் செதுக்கியிருக்கும், பாண்டியர் சின்னம். பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று தொடங்குகிற பாட்டின் துண்டு அது. குளக்கோட்டன் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படுகிற அரசன். கல்லில் பாதிதான் மிச்சம். ஊரில் சொல்லிவருகிற முழுப் பாட்டில் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பறங்கி, ஒல்லாந்தன், ஆங்கிலேயன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வரப்போவதை முன்கூட்டியே சொன்னதா, வந்தபின் எழுதியதா என்று வாதாடலாம். எனக்குப் பிடித்தது வேறு. 'பறங்கி பிரிப்பான்' என்று எழுதியிருக்கிற கல்லைத் தூக்கிப் பறங்கியின் கோட்டை வாசலிலேயே பதித்திருக்கிறார்கள். பதித்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால் கல் கடலுக்குள் போயிருக்கும்.

மருமகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்த்தாள். "ன்... னே... கு... ள..." விரலை எழுத்தின் பள்ளத்துக்குள் விட்டு இழுத்துக்கொண்டே போனாள். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை தூள் உதிர்ந்தது.

"கையை எடு!" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. காவலுக்கு நின்ற பையன் திரும்பிப் பார்த்தான். அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானா கத்தின மாதிரியே கத்துறீங்கள்" என்றாள்.

உள்ளே ஆலமரங்களும் மான்களும். 1800இல் ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியிருந்த வீடு ஒன்று இருக்கிறது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு அவர்தான். வீடு என்னவோ வீடு மாதிரித்தான் இருக்கிறது. அதைத் தாண்டி ஏறினால் சுவாமி மலை, உச்சியில் கோணேசர்.

இப்போது இருப்பது 1963இல் குடமுழுக்குச் செய்த கோயில். சம்பந்தர் பாடிய கோயில் இதுவல்ல, அது எங்கே என்று கேட்டால் பாதி நாங்கள் நடந்துவந்த கோட்டைச் சுவரில், மீதி கீழே. கோயிலுக்குப் பின்னால் இராவணன் வெட்டு. மலை அங்கே கத்தியால் அறுத்தது போலக் கடலுக்குள் நேரே இறங்குகிறது. எட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். அதன் அடியில்தான் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் பழைய கோயிலின் செதுக்கிய கற்களைக் கண்டார்கள். கிளார்க் விண்வெளிக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர், இந்த நாட்டுக்கு வந்தது கடலுக்குள் இறங்கத்தான், பிறகு 2008இல் இறக்கும் வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டார். காலையில் நான் இரவல் மாஸ்கோடு கடலைக் குடித்துக்கொண்டிருந்ததை நினைத்தேன். அவர்களும் முகத்தில் ஒரு கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, மீன்களைப் பார்க்கிற ஆசையில், இதே தண்ணீருக்குள்தான் குனிந்திருக்கிறார்கள். பாறை என்று நினைத்துக் கிட்டப் போனால் தூண், தூணுக்கு மேலே பாசி, பாசியைத் தின்கிற மீன்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தூண் நிற்கிறது. பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து 1687இல் இங்கேயிருந்து குதித்தாள், அவள் நினைவாகத் தூண் என்று கதை. ஆனால் அவள் பிறகு வேறொருவரைக் கலியாணம் செய்துகொண்டதாக ஒல்லாந்தரின் ஆவணங்கள் சொல்கின்றன. மருமகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பிறகு தூணை ஏன் எடுக்கேல்லை?" என்று கேட்டாள். அது கோயில் தூண், அவளுக்காக நட்டதில்லை, கோயில் போய்விட்டது, தூண் நின்றுவிட்டது, ஆளில்லாத தூணுக்கு யாரோ ஒரு கதையைச் சாத்திவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

பூசைக்கு மணி அடித்தது. வரிசையில் நின்றோம். ஐயர் விபூதித் தட்டோடு வந்தவர் என் முன்னால் ஒரு கணம் நின்று முகத்தைப் பார்த்தார். மாஸ்க் அழுத்திய தடம், நெற்றியிலிருந்து கன்னம் வழியாக மேலுதடு வரைக்கும், சிவப்பாக ஒரு வட்டம். பக்கத்தில் மருமகளுக்கும் அதே வட்டம், சின்ன அளவில்.

"நிலாவெளியோ?" என்றார்.

"ஓம் ஐயா."

தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். சனிக்கிழமைகளில் இந்த வட்டத்தோடு எத்தனை முகங்களைப் பார்க்கிறாரோ.

இறங்கி வரும்போது இருட்டிவிட்டது. ரயிலுக்கு நேரம் இருந்தது, பஸ் நிலையத்துப் பக்கம் சோற்றுப் பார்சல் வாங்கப் போனோம். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிணைமான், வாயிலிருந்து ஏதோ வெள்ளையாகத் தொங்கியது. சோறு கட்டிய லஞ்ச் சீற். பருப்பும் குழம்பும் பிரண்ட அந்தப் பொலித்தீனை நாம் பாக்கு மெல்லுகிறது போல ஆறுதலாக மென்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இப்படித் தின்று வயிற்றில் அடைத்துச் செத்த மான்களைப் பற்றிப் பேப்பரில் வருவதுண்டு. நான் ஏதாவது சொல்வதற்குள் மருமகள் போய்த் தொங்குகிற முனையைப் பிடித்துவிட்டாள். மான் விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இழுத்தார்கள், கடைக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள், பிறகு சீற் நடுவே கிழிந்தது.

தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதற்குள் போட்டால் இன்னொரு மான் எடுக்கும் என்றாள். ஆகவே அவள் கையில் வந்த பாதி, ஈரத் துவாய்க்குள் சுற்றியபடி, பருப்பு மணத்தோடு கொழும்பு வரைக்கும் எங்களோடு வந்தது. மற்றப் பாதி மானின் வயிற்றுக்குள் போய்விட்டது.